கப்பல் கரை தொடாத தீவு

1. வரிசை நின்ற காலை

சாண்டோரினிக்கு முன்னால் எங்கள் கப்பல் நங்கூரம் போட்டு நின்ற காலையில், என் குழுவில் எல்லோரும் சிறு படகில் ஏறிவிட்டார்கள். தவமணி அக்கா மட்டும் ஏறவில்லை.

கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு கதவைத் திறந்து, அதற்கு வெளியே சிறிய இரும்பு மேடை போட்டிருந்தார்கள். மேடையை ஒட்டிப் படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. படகில் நின்ற மாலுமி கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிடிக்கவில்லை.

"அக்கா, ஒரு எட்டுதான். அவர் கையைப் பிடிச்சுக்கங்க" என்றேன்.

"நான் வரேல்லை தங்கச்சி. நீங்கள் போங்கோ."

"முட்டி வலிக்குதா?"

"இல்லை. நீங்கள் போங்கோ எண்டுறன்."

எங்களுக்குப் பின்னால் மற்றப் பயணிகள் மாடிப்படி வரைக்கும் நின்றார்கள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். படகுக்குள்ளிருந்து டாக்டர் சுந்தரத்தின் குரல் வந்தது. கோயம்புத்தூர்க்காரர், ஓய்வுபெற்றவர். ஏறிய நாளிலிருந்து ரசம் இல்லை, ஏசி அதிகம், லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்று எனக்குத் தினமும் ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

"என்னங்க ரேவதி, நாங்க இப்படியே உக்காந்தே சாண்டோரினியப் பாத்துக்கறதுங்களா?"

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். காலைக் குளிர் காற்றிலும் நெற்றி வியர்த்திருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. இது முட்டி வலி இல்லை என்று எனக்குப் புரிந்தது. வேறு என்னவென்று புரியவில்லை. குழுவை விட்டுவிட்டு நான் கப்பலில் தங்கவும் முடியாது.

"சரிக்கா. மேல போய் டீ குடிங்க. சாயங்காலம் வந்து உங்களோட உக்காருறேன்" என்று சொல்லிவிட்டு நான் ஏறினேன். படகு விலகும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தக் கதவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் தலைமை ஏற்று அழைத்துப்போன முதல் குழு அது.

2. குணம் அண்ணையின் யோசனை

லண்டனில் அப்டன் பார்க், கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு டிராவல் ஏஜென்சி. அங்கேதான் நான் பல வருடங்கள் வேலை பார்த்தேன். சொந்த ஊர் திருச்சி. கல்யாணமாகி லண்டன் வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அந்த மேசையில் உட்கார்ந்தேன். முதலாளி குணம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். சென்னை, கொழும்பு, கோலாலம்பூர் டிக்கெட்டுகள்தான் எங்கள் பிழைப்பு. யாருக்காவது ஊரில் உடம்பு முடியவில்லை என்றால் அன்று மாலைக்கே சீட் பிடித்துக் கொடுப்பது, எக்ஸ்ட்ரா லக்கேஜுக்காக ஏர்லைன்ஸோடு மன்றாடுவது, இதில் நான் தேர்ந்தவள்.

ஒருநாள் குணம் அண்ணை மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ரேவதி, எங்கடை சனம் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும்தான் பிளேன் ஏறுது. சும்மா உலகம் பாக்கவும் போகவேணும். ஒரு குறூப் குறூஸ் போடுவம். கிரீஸ், துருக்கி அந்தப் பக்கம். நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ."

"நான் கப்பல்ல போனதே இல்லையே அண்ணே."

"கப்பலைக் கப்பல்காரன் ஓட்டுவான். நீங்கள் ஆக்களை ஓட்டுங்கோ."

அப்படித்தான் முடிவானது. ஆட்கள் மெல்லமெல்லச் சேர்ந்தார்கள். ஈஸ்ட் ஹாம், ஃபாரஸ்ட் கேட், ஹாரோ என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு இப்போதுதான் மூச்சுவிடுகிற வயதுக்காரர்கள். ஸ்ட்ரெதமிலிருந்து ஜெயா டீச்சர் தனியாக வந்தார். மலேசியத் தமிழர், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து தவமணி அக்காவும் தனியாக வந்தார். அவர் ஹோம் கேரர். முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடு கொடுக்கிற வேலை. கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தனியாக வந்த இந்த இரண்டு பேருக்கும் ஒரே கேபின் போட்டேன்.

தவமணி அக்கா பதிவு செய்ய வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்றவர்கள் சாப்பாடு எப்படி, பாத்ரூம் எப்படி என்று கேட்பார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரிலிருந்த வரைபடத்தில் ஒரு சின்னத் தீவில் விரலை வைத்தார்.

"இதிலை கப்பல் நிக்குமோ?"

"ஓம், நிக்கும்" என்றார் குணம் அண்ணை.

"கரையிலை கொண்டுவந்து கட்டுமோ?"

"ஓம், ஓம்."

குணம் அண்ணை யார் என்ன கேட்டாலும் ஓம் என்பார். அது அவருடைய சுபாவம். அந்தத் தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று தவமணி அக்கா என்னைக் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. துருக்கிக் கரைக்குப் பக்கத்தில், கப்பல் கம்பெனிகள் அரை நாள் மட்டும் நிறுத்துகிற ஒரு சிறிய கிரேக்கத் தீவு, அவ்வளவு போதும்.

இந்தத் தொழிலில் டெண்டர் போர்ட் என்று ஒரு சொல் உண்டு. ஆழமோ இடமோ போதாத துறைமுகங்களில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். டெண்டர் என்கிற சிறு படகில் இறங்கித்தான் கரைக்குப் போகவேண்டும். எங்கள் பயணத்தில் இரண்டு இடங்கள் அப்படி. ஒன்று சாண்டோரினி. மற்றது தவமணி அக்கா விரல் வைத்த தீவு.

3. தேநீர் நேரம்

சாண்டோரினியில் எல்லோரும் வெள்ளை வீடுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்து முடித்து, கப்பலுக்குத் திரும்பினோம். நான் நேராக மேல் தளத்துக்குப் போனேன். அக்கா கம்பி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கரைக்கும் கப்பலுக்குமாக ஓடிக்கொண்டிருந்த படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கோப்பைத் தேநீரோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவரே பேசினார்.

"தங்கச்சி, அந்தத் தீவுக்கும் உந்தச் சின்னப் போட்டிலைதானோ போறது?"

"ஆமாக்கா. அங்கயும் கப்பல் கட்டாது."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் வந்தது வீண்."

பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். தொண்ணூறுகளில், அவருக்கு இருபது சொச்சம் வயதில், ஏஜென்டை நம்பி ஊரை விட்டு வந்திருக்கிறார். துருக்கி வரைக்கும் வந்து அங்கே மாதக்கணக்கில் ஓர் அறையில் அடைந்து கிடந்து, கடைசியில் ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. படகுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கையில் கிடைத்ததால் இறைத்து இறைத்து, அலை தள்ளிய பக்கம் போய், அந்தத் தீவின் பாறையில் மோதினார்கள்.

"யாராவது...?" என்று தயங்கினேன்.

"இல்லை. ஒருத்தரும் சாகேல்லை. எல்லாரும் தப்பீட்டம். அதுதான் தங்கச்சி ஆக்களுக்கு விளங்கிறேல்லை. ஒருத்தரும் சாகேல்லை எண்டால் பிறகேன் உனக்குப் பயம் எண்டு கேப்பினம். என்ரை மனுசனும் கேட்டவர். அதுக்குப் பிறகு நான் இதைப் பற்றி ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை."

கரையில் ஒரு பெண் இவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பெயர் கலியோப்பி. பேக்கரி வைத்திருந்தவர். ஈர உடையை மாற்றி, காய்ச்சலில் கிடந்தவரைத் தன் கட்டிலில் படுக்கவைத்து, சில நாட்கள் வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு காலை, கலியோப்பி கடையில் இருந்த நேரம் பார்த்து, அதிகாரிகள் வந்து எல்லோரையும் ஏதென்ஸுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து எப்படியெப்படியோ லண்டன்.

"ஒரு நன்றி சொல்லேல்லை. அவவின்ரை பாசையிலை எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. இப்ப இருக்கிறாவோ இல்லையோ அதுவும் தெரியாது. போய்ப் பாக்கவேணும் எண்டு நினைச்சன். இந்தப் பெரிய கப்பல் எண்டால் எனக்குப் பயமில்லை. இது ஒரு கட்டிடம் மாதிரித்தானே. உந்தச் சின்னப் போட் எண்டால் எனக்குக் கால் எழும்பாது."

"இன்னும் ரெண்டு நாள் இருக்குக்கா" என்றேன்.

4. குசாதாசிப் படகுக்காரர்

அடுத்தது துருக்கியில் குசாதாசி. அங்கே கப்பல் கரையிலேயே கட்டும். குழுவுக்கு எபேசு என்கிற பழைய நகரத்துக்குப் பஸ் ஏற்பாடாகியிருந்தது. அன்று காலை குணம் அண்ணையைத் தொலைபேசியில் பிடித்து, ஒரு பயணிக்குப் படகில் ஏறப் பயம், அவரோடு நான் தங்கட்டுமா என்று கேட்டேன்.

"ஒராளுக்காக மிச்ச ஆக்களை விடேலாது ரேவதி. பஸ்ஸிலை நீங்கள் இருக்கவேணும். எனக்கும் விளங்குது, ஆனா அதுதான் வேலை."

அவர் சொன்னது சரி. பஸ் வாசலில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜெயா டீச்சர் என்னைத் தனியாக இழுத்தார்.

"ரேவதி, நான் எபேசுக்கு வரல. தவமணியோட இங்கேயே இருக்கேன்."

"டீச்சர், இந்தப் பயணத்துலயே முக்கியமான இடம் இதுதான்."

"உடைஞ்ச தூணுங்க நான் நிறையப் பாத்தாச்சு லா. எனக்கு முட்டியும் சரியில்ல. நேத்து ராத்திரி தவமணி எல்லாத்தையும் சொன்னாங்க. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

எபேசுவில் வழிகாட்டி சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கண்ணால் தேடினேன். கப்பலுக்குப் போகும் வழியில், உல்லாசப் படகுகள் கட்டியிருக்கிற பக்கத்தில், பழைய மரப் படகு ஒன்றில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் ஜெயா டீச்சர். தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். மற்றவர் தவமணி அக்கா. கையில் சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர். எதிரில் நரைத்த மீசையோடு ஒரு படகுக்காரர், எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிய்த்து அவருக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன்.

"ஏறீட்டன் தங்கச்சி" என்றார் அக்கா. படகின் விளிம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். "கயித்திலை கட்டியிருக்கு. ஓடேல்லை. எண்டாலும் ஏறீட்டன்."

நடந்ததை ஜெயா டீச்சர் சொன்னார். முதலில் இரண்டு பேரும் படகுகளைப் பார்த்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். சவாரிக்குக் கூப்பிட வந்த படகுக்காரரிடம் டீச்சர் சைகையாலும் ஆங்கிலத்தாலும் கடலைக் காட்டி, தவமணி அக்காவைக் காட்டி, நெஞ்சில் கைவைத்துப் பயம் என்று விளக்கியிருக்கிறார். அவர் சவாரிப் பேச்சை விட்டுவிட்டார். படகைக் கரையோடு இழுத்துக் கட்டி, தான் முதலில் ஏறி உட்கார்ந்து, தேநீர் வரவழைத்து, எதிரில் காலி இடத்தைக் கையால் தட்டிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்.

"வெகு நேரம் ஆச்சு. முதல்ல ஒரு கால் வச்சாங்க, எடுத்துட்டாங்க. திரும்ப வச்சாங்க. அந்த ஆளு ஒரு தடவகூட வான்னு சொல்லல. அதான் ஏறினாங்கன்னு நெனைக்கறேன்."

அக்கா கரையைப் பார்த்துச் சொன்னார்: "இந்தக் கரையிலையிருந்துதான் வெளிக்கிட்டனாங்களோ, வேறை கரையோ, எனக்குத் தெரியாது. அப்ப இருட்டு. இந்த மனுசன் தேத்தண்ணி தந்ததாலை இப்ப எனக்கு இது வேறை இடம்."

5. காற்று

தீவுக்குப் போகும் காலையில் காற்று எழுந்தது. கேப்டனின் அறிவிப்பு வந்தது: அலை அதிகமாக இருப்பதால் இப்போதைக்கு டெண்டர் இறக்க முடியாது, காத்திருக்கிறோம், சரியாகாவிட்டால் இந்தத் துறைமுகத்தை விட்டுவிட்டு அடுத்த தீவான ரோட்ஸுக்குப் போவோம்.

இந்தத் தொழிலில் இது சகஜம். பயணிகளுக்கு இது சகஜம் இல்லை. என்னைச் சுற்றி எல்லோரும் பேசினார்கள். தவமணி அக்கா மட்டும் இறங்கத் தயாராகக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். தீவு கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. மேட்டில் வெள்ளை வீடுகள், கீழே துறை.

"ஒரு மனம் இறக்காட்டில் நல்லது எண்டு சொல்லுது" என்றார். "மற்ற மனம் அழுகுது."

முற்பகலில் காற்று தணிந்தது. குறைந்த நேரத்துக்கு மட்டும் கரைக்குப் போகலாம் என்று அறிவித்தார்கள். டாக்டர் சுந்தரம், "இந்தக் கொஞ்ச நேரத்துல என்னத்தங்க பாக்கறது?" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக வரிசையில் போய் நின்றார்.

கீழ்த்தளத்துக் கதவு. அதே போன்ற இரும்பு மேடை. சாண்டோரினியில் வந்தது ஊர்ப் படகு, இங்கே கப்பலின் சொந்தப் படகு. ஆபத்து வந்தால் உயிர்காக்கும் படகாகவும் பயன்படுவது. அலை அடங்கியிருந்தாலும் படகு நன்றாகவே ஏறி இறங்கியது. எங்கள் ஆட்கள் எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஜெயா டீச்சர் ஏறிவிட்டு, எதிரில் ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். தவமணி அக்கா மேடையில் நின்றார். நான் அவருக்குப் பின்னால்.

அவர் மாலுமியிடம் ஆங்கிலத்தில் கேட்டார், லைஃப் ஜாக்கெட் கிடைக்குமா என்று.

மாலுமி சிரித்தபடி, இந்தச் சின்னத் தூரத்துக்கு அது தேவையில்லை மேடம், மிகவும் பாதுகாப்பானது என்றார்.

"எனக்குத் தேவை" என்றார் அக்கா.

மாலுமி அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். இருக்கைக்குக் கீழிருந்து ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைச் சேலைக்கு மேல் போட்டு வாரை இழுத்துக் கட்டினார். நான் கொக்கியை மாட்டிவிட்டேன். படகில் இருந்த மற்ற நாட்டுப் பயணிகள் பார்த்தார்கள். ஒரு பெண் தன் கணவர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அக்காவும் அதைப் பார்த்தார். காலை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அப்போது ஜெயா டீச்சர் குரல் கொடுத்தார். "ஹலோ, எனக்கும் ஒண்ணு குடுங்க."

அதற்கு அடுத்து வந்த குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கும்ப்பா" என்றார் டாக்டர் சுந்தரம். பிறகு ஆங்கிலத்தில், தான் கனமான ஆள், பெரிய அளவாகப் பார்த்துக் கொடு என்றார். அவர் மனைவி வாங்கினார். ஹாரோவிலிருந்து வந்த தம்பதி வாங்கினார்கள். மாலுமி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருவருக்கொருவர் முதுகில் வாரைக் கட்டிவிட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்காவின் கதை அந்தப் படகில் ஜெயா டீச்சருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

தவமணி அக்கா காலை எடுத்து வைத்தார். படகு இறங்கியது, ஏறியது. அவர் உள்ளே வந்துவிட்டார். டீச்சர் பிடித்து வைத்த இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தெளிந்த வெயிலில் லண்டன் தமிழர்கள் பட்டுச் சேலையும் கூலிங் கிளாசுமாக, அதற்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட் கட்டிக்கொண்டு அந்தத் துறையில் போய் இறங்கினோம். கரையில் மீன் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

நான் டாக்டரிடம் மெல்லச் சொன்னேன்: "ரொம்ப நன்றி சார். என்ன காரணம்னா..."

"வேண்டாங்க" என்று கையைக் காட்டினார். "காரணம் தெரிஞ்சாத்தான் போடணுங்களா?"

6. கலியோப்பி

குழுவை உள்ளூர் வழிகாட்டியிடம் ஒப்படைத்தேன். இங்கே எல்லோரும் ஒரே சதுக்கத்தைச் சுற்றித்தான் இருப்பார்கள் என்பதால் எனக்குத் தைரியம். டீச்சர் கடற்கரைக் கடையில் உட்கார்ந்து குழுவைக் கவனிப்பதாகச் சொன்னார். அக்காவும் நானும் மட்டும் மேட்டுத் தெருவில் ஏறினோம்.

பேக்கரி இருந்த இடம் என்று அவர் நினைத்த இடத்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற கடை இருந்தது. அங்கிருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா தெருவின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எதிரில் ஒரு மருந்துக் கடை. உள்ளே போனோம். கவுன்டரில் நின்ற பெண்ணுக்கு நன்றாக ஆங்கிலம் வந்தது. கலியோப்பி என்றதும் சிரித்தார்.

இந்தத் தீவில் கலியோப்பிகள் நிறைய இருக்கிறார்கள், எந்தக் கலியோப்பி என்று கேட்டார்.

"பேக்கரி கலியோப்பி" என்றார் அக்கா. "என்னைத் தன் கட்டிலில் படுக்கவைத்தவர்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு மாறியது. கடையை அப்படியே பூட்டிவிட்டு எங்களோடு நடக்கத் தொடங்கினார். "உயிரோடு இருக்கிறார்" என்றார் நடந்துகொண்டே. அக்கா என் கையைப் பிடித்தார்.

சந்துக்குள் ஒரு சின்ன வீடு. சமையலறையில் ஒரு வயதான பெண், எண்பதைத் தாண்டியவர், கறுப்பு உடையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைப் பெண் கிரேக்கத்தில் நிறையச் சொன்னார். கிழவி எழுந்து வந்து, அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

மருந்துக்கடைப் பெண் தயங்கினார். "அவருக்கு நினைவில்லையாம். அந்தக் காலத்தில் நிறையப் பேர் வந்தார்களாம். முகங்கள் கலந்துவிட்டனவாம். மன்னித்துக்கொள் என்கிறார்."

"நான் பச்சைச் சட்டை போட்டிருந்தேன் என்று சொல்லுங்கள். காய்ச்சல் இருந்தது."

கலியோப்பி தலையை ஆட்டினார். "எல்லோருக்கும்தான் காய்ச்சல் இருந்தது" என்று மொழிபெயர்த்தார் அந்தப் பெண்.

இவ்வளவு பயத்தைத் தாண்டி வந்து, கடைசியில் இதுவா என்று நினைத்தேன். அக்காவைப் பார்க்கவே தயங்கினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். குனிந்து கிழவியின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கப்பலில் யாரிடமோ கேட்டுப் பழகிவைத்திருந்த ஒரே கிரேக்கச் சொல்லைச் சொன்னார்: "எஃப்ஹரிஸ்தோ." நன்றி.

அதன்பிறகு பேச்சும் வேலையுமாக நேரம் போனது. கலியோப்பி எங்களை உட்காரவைத்தார். சீனிப்பாகில் ஊறிய பழம் ஒரு கரண்டியும் தண்ணீரும் வந்தன. அவரைக்காயில் பாதியை அக்காவின் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் உரித்தார்கள். பிள்ளைகள் உண்டா, கணவர் நல்லவரா, லண்டனில் வெயில் அடிக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் ஒரு விரலை நீட்டிக் கண்டிப்பாக ஏதோ கேட்டார்.

"நீச்சல் கற்றுக்கொண்டாயா என்று கேட்கிறார்."

"இல்லை" என்றார் அக்கா.

கிழவி இரண்டு கைகளையும் மேலே தூக்கித் திட்டத் தொடங்கினார். மருந்துக்கடைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவில்லை. இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்தது.

கீழே இறங்கும்போது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அக்கா, அவங்களுக்கு உங்கள ஞாபகம் இல்லைன்னு வருத்தமா இல்லையா?"

"ஏன் வருத்தம்? நானும் எத்தினை பேரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி விட்டிருக்கிறன். எல்லாற்றை முகமும் எனக்கும் ஞாபகமில்லை. அதுக்காக நான் பாத்தது பொய்யோ? நான் ஒராள் மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன் தங்கச்சி. கன பேரை அந்தக் கட்டிலிலை படுக்க வைச்சிருக்கிறா. அது இன்னும் பெரிசெல்லே."

துறையில் எங்கள் குழு காத்திருந்தது. திரும்பும் படகிலும் அக்கா ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பயம் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். போகவில்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

7. அதற்குப் பிறகு

லண்டன் திரும்பிய அடுத்த வாரம் குணம் அண்ணை, "குறூப் எப்பிடி?" என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் அடுத்த பயணத்துக்குப் பதிந்திருந்த ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டு, "இந்த இந்த இடத்திலை கப்பல் கட்டாது, சின்னப் போட்டிலைதான் இறங்கவேணும், உங்களுக்கு ஏலுமோ?" என்று கேட்டதை அடுத்த மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் பயணத்தை ரத்து செய்தார். குணம் அண்ணை அதற்கும் ஓம் என்றார்.

தவமணி அக்கா தன் பகுதி நீச்சல் குளத்தில் பெண்களுக்கு மட்டுமான வகுப்பில் சேர்ந்தார். ஜெயா டீச்சரும் ஸ்ட்ரெதமிலிருந்து ரயில் மாறி மாறி வந்து சேர்ந்துகொண்டார். முதல் மாதம் முழுக்க அக்கா குளத்தின் ஓரக் கம்பியை விடவில்லையாம். "நான் விட்டுட்டேன், ரெண்டு தடவ தண்ணி குடிச்சேன் லா" என்று டீச்சர் எனக்கு அனுப்பினார். பிறகு ஒருநாள் ஒரு படம் வந்தது. ரப்பர் தொப்பியோடு அக்கா குளத்தின் நடுவில் நின்றார். தண்ணீர் கழுத்து வரைக்கும். பக்கத்தில் பிடிக்க எதுவும் இல்லை. அந்தப் படத்தை அச்சடித்து அந்தத் தீவின் மருந்துக் கடைக்குத் தபாலில் அனுப்பியதாகச் சொன்னார். கலியோப்பி வீட்டில் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் என்று அங்கிருந்து பதில் வந்ததாம்.

அதற்குப் பிறகு நான் பல குழுக்களை அழைத்துப் போனேன். தொலைந்த பாஸ்போர்ட், தவறிய பஸ், பிடிக்காத சாப்பாடு எல்லாம் பார்த்தேன். இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சிலர் என்னிடம் வந்து, எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். துறைமுகங்களின் பெயர்கள் ஒரு வாரத்தில் வந்துவிடும். கப்பலின் சட்டதிட்டங்கள் ஒரு பயணத்தில் வந்துவிடும். நான் சொல்வது ஒன்றுதான். பதிவு செய்ய வருகிறவரிடம் கேபின் வகையைக் கேட்பதற்கு முன்னால், "இத்தனை இடம் இருக்கே, ஏன் இந்தப் பக்கம் போகணும்னு நினைச்சீங்க?" என்று கேளுங்கள்.

முக்கால்வாசிப் பேர் "சும்மாதான்" என்பார்கள். அதைக் கேட்டதும் அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். சிலர் உண்மையிலேயே சும்மாதான் போகிறார்கள், அதுவும் நல்லதுதான். மற்றவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.